பைலட் தவறு என்று தீர்ப்பு எழுதியாச்சு, சரி

நேற்று அந்த வீடியோவின் கீழே நடந்த கூத்தைப் பார்த்தவர்களுக்கு மறுபடி சொல்ல வேண்டியதில்லை. பார்க்காதவர்கள் பாக்கியசாலிகள். அமெரிக்காவின் சான் டியாகோவில், ஒருவர் தன் சொந்த ஜெட்டைத் தானே ஓட்டிப்போய் மோதிய விபத்தின் ரேடியோ ஆடியோவில் இருந்து சில நொடிகளை வெட்டி, பின்னால் ஒரு திகில் இசையை ஓட்டி, "கடைசி வார்த்தைகள்" என்று தலைப்புப் போட்ட வீடியோ. பகிர்ந்த நண்பர் மேலே எழுதியிருந்தார்: "காசு இருந்தா வானத்தையே வாங்கிடலாம்னு நெனப்பு." கீழே வரிசையாக ஹாஹா. ஆறு பேர் செத்திருக்கிறார்கள், ஹாஹா. "அந்த விமான நிலையத்தில் விளக்கே எரியவில்லையே" என்று நான் ஒரு வரி எழுதினேன். அவ்வளவுதான் நான் செய்த குற்றம். பணக்காரனுக்கு வக்காலத்து வாங்குகிறேனாம்.

சரி, நிதானமாகவே பேசுவோம். 2025 மே 22. முந்தின இரவு 11 மணிக்கு மேல் நியூ ஜெர்சியின் டெட்டர்பரோவில் கிளம்பிய சின்ன செஸ்னா சைட்டேஷன் ஜெட், வழியில் விச்சிட்டாவில் எரிபொருள் போட்டுக்கொண்டு, சான் டியாகோவின் மான்ட்கோமரி-கிப்ஸ் விமான நிலையத்தை நெருங்கியபோது அங்கே அதிகாலை 3.45. கிளம்பிய ஊர்க் கணக்கில் 6.45. அந்த நிலையத்தின் கட்டுப்பாட்டு டவரில் ஆள் இல்லாத நேரம். கடும் மூடுபனி. அந்த நிலையத்தின் தானியங்கி வானிலைக் கருவி பழுது. ஓடுபாதைக்கு முன்னால் வரிசையாக மின்னி வழிகாட்டும் விளக்குகள் 2022 மார்ச்சிலிருந்து எரியவில்லை. ஆமாம், 2022. சுற்றுச்சூழல் ஆய்வு முடியாததால் பழுதுபார்ப்பு தள்ளிப்போய்க்கொண்டே இருந்ததாம். இதெல்லாம் என் கற்பனை இல்லை, அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணையில் வந்தது.

அந்த பைலட் கண்ணை மூடிக்கொண்டு இறங்கவும் இல்லை. வானிலை என்ன என்று கேட்டார். பக்கத்து மிராமர் ராணுவ விமான தளத்தின் நிலவரத்தைத்தான் வேறொரு மையத்திலிருந்து பேசிய விமானக் கட்டுப்பாட்டாளரால் சொல்ல முடிந்தது: அரை மைல் பார்வைத் தூரம், 200 அடியில் மேகம். வேறு நிலையத்துக்குப் போகலாமா என்று பேசினார்கள். கடைசியில், நிலவரம் அவ்வளவு நன்றாக இல்லை, முயன்று பார்க்கிறோம் என்கிற மாதிரி ஒரு வாக்கியம் சொன்னார். நம்மவர்களுக்கு அந்த ஒரு வாக்கியம் போதும். மூன்று வருடம் எரியாத விளக்கை வெட்டி ரீல்ஸ் போட முடியாது இல்லையா? அதற்குக் குரல் கிடையாது.

"அப்ப பைலட் மேல தப்பே இல்லையா?" இருக்கிறது. எங்கே இல்லை என்றேன்? இருட்டில் கருவிகளை நம்பி இறங்கும்போது, ஒவ்வொரு புள்ளியிலும் இந்த உயரத்துக்குக் கீழே போகாதே என்று வரைபடத்தில் எழுதியிருக்கும். கடைசி உயரம் வரை வந்தும் ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாவிட்டால் மறுபேச்சில்லாமல் மேலே ஏறிவிட வேண்டும். இந்த விமானம் ஓடுபாதைக்குச் சுமார் இரண்டு மைல் முன்னாலேயே மின்கம்பியில் மோதியது. அங்கே அவ்வளவு தாழ்வாக இருந்திருக்கவே கூடாது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரவு முழுக்க விழித்திருந்த ஒரு மனிதர் தவறு செய்யும் இடத்தில், அவரைத் தடுக்க இருக்க வேண்டியவை ஒவ்வொன்றாக எப்படி இல்லாமல் போயின? இதைக் கேட்டால் வக்காலத்தா?

"அந்த வானிலையில் இறங்க முயன்றதே சட்டமீறல்" என்று ஒருவர் பாடமே எடுத்தார். ஐயா, அமெரிக்கச் சட்டத்தில் வானிலை அறிக்கை குறைந்தபட்ச அளவுக்குக் கீழே இருந்தால், டிக்கெட் விற்கும் ஏர்லைன்ஸ்காரரும் வாடகைக்கு விமானம் ஓட்டுபவரும்தான் இறங்கத் தொடங்கக் கூடாது. சொந்த விமானம் ஓட்டுபவர் தாராளமாகப் போய்ப் பார்க்கலாம். அந்தக் கதவைத் திறந்தே வைத்திருப்பது சட்டம். அதைக் கேள்வி கேளுங்கள், உங்கள் பின்னால் நானும் வருகிறேன்.

பணத்திமிர் என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. அந்த ஆறு பேரில், மாதச் சம்பளத்துக்கு ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களும் இருந்தார்கள் என்பதோடு விட்டுவிடுகிறேன்.

இதே மாதிரி 2022 நவம்பரில், அமெரிக்காவின் மேரிலாந்தில் மூனி என்கிற ஒரு சின்ன விமானம் இரவில் இறங்கும்போது மின்கோபுரத்தில் போய் மாட்டியது. அந்த நிலையத்தின் பெயரிலும் மான்ட்கோமரி, என்ன ராசியோ. தரையிலிருந்து சுமார் 100 அடி உயரத்தில், இரண்டு பேர் ஏறக்குறைய ஏழு மணி நேரம் தொங்கினார்கள். லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்குக் கரண்ட் போனது. அந்த பைலட்டும் சீக்கிரமே தாழ இறங்கியவர்தான். ஆனால் இருவரும் பிழைத்துக்கொண்டார்கள், அதனால் அது அதிசயம். சான் டியாகோவில் செத்துப் போனார்கள், அதனால் அது திமிர்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று இன்பாக்ஸில் ஒரு தம்பி கேட்டான். என் தாய்மாமா லாரி ஓட்டியவர். ஒரு மார்கழி விடியலில், ஓசூருக்கு இந்தப் பக்கம், பனியில் நின்றிருந்த டிப்பரின் பின்னால் போய் மோதினார். அந்த டிப்பரை அப்புறம் ஸ்டேஷன் வாசலில் பார்த்தேன். பின்விளக்கு இருந்த இடத்தில் வெறும் ஒயர். ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் உரிந்து பசை மட்டும் கறுப்பாக ஒட்டியிருந்தது. எஃப்ஐஆரில் என்ன எழுதினார்கள் தெரியுமா? "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து." இன்சூரன்ஸ்காரர்கள் அந்த வரியைப் பிடித்துக்கொண்டார்கள். ஆறு மணிக்குள் சரக்கு வந்தே ஆக வேண்டும் என்று ராத்திரி முழுக்க போன் போட்டுக்கொண்டே இருந்தவர், மாலையோடு வந்து, "பனின்னு தெரிஞ்சா ஓரமா நிறுத்தியிருக்கலாம்ல" என்று அத்தையிடமே கேட்டுவிட்டுப் போனார். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. அவருக்குக் காபி கொடுக்கச் சொன்னார்.

செத்தவன் மேல் பழி போடுவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. அவன் திரும்பி வந்து, "விளக்கு எங்கடா?" என்று கேட்க மாட்டான். விளக்கைச் சரிசெய்ய வேண்டியவன் கையெழுத்துப் போடாத ஃபைல் அப்படியே கிடக்கும்.

"எல்லாத்தையும் உன் வீட்டுக் கதையோட முடிச்சுப் போடாத" என்று வரப்போகிறது, தெரியும். போடுவேன். உங்கள் வீட்டில் நடந்திருந்தால் நீங்களும் போடுவீர்கள். நடக்க வேண்டாம்.

வீடியோ போட்ட நண்பர் என்னை பிளாக் செய்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். நல்லது. இங்கே கமெண்ட் திறந்துதான் இருக்கிறது, திட்டுபவர்கள் திட்டலாம். ஹாஹா போடுகிறவர்களை மட்டும் நானே வெளியே அனுப்பிவிடுவேன்.