கோடைக் காதலில் வில்லன் காலண்டர்தான்

பதின்பருவத்துக் கோடைக் காதல் கதைக்கு வில்லனைத் தேடி அலைய வேண்டியதில்லை. காலண்டர் இருக்கிறது. விடுமுறை முடியும், ஆளுக்கொரு திசையாகப் பிரிவார்கள், அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்த ஜோடியில் ஒருவர் திருநம்பியாகவோ (பெண் என்று பிறப்பில் பதிந்த ஆண்) திருநங்கையாகவோ இருந்துவிட்டால் போதும், எழுதுகிறவர்கள் காலண்டரைச் சுருட்டி வைத்துவிட்டு அந்தப் பிள்ளையின் உடம்பையே வில்லனாக்கிவிடுகிறார்கள். 'உண்மை தெரிஞ்சா என்ன ஆகும்?' என்ற ஒரே கேள்வியில் புத்தகம் முழுக்க ஓடுகிறது. காதலுக்குக் கடைசி இருபது பக்கம் மிஞ்சினால் அதிர்ஷ்டம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 வார விடுமுறை, 60,000 சொல், 30 அத்தியாயம் என்று வைத்துக்கொண்டால் வாரத்துக்கு 3 அத்தியாயம். பையன் தான் திருநம்பி என்று சொல்லும் காட்சியை 8-ஆம் வாரத்தில் வைத்தால், அதற்கு முன்னால் 21 அத்தியாயத்துக்கு வாசகர் மர்மக் கதைதான் படித்துக்கொண்டிருப்பார். அதையே 3-ஆம் வாரத்தின் கடைசியில் வையுங்கள். இப்போது அந்த 21 அத்தியாயமும் சொன்னதற்குப் பிறகு வருகிறது. சண்டை, சமாதானம், பொறாமை, ஒன்றுமில்லாத பேச்சு எல்லாவற்றுக்கும் இடம் கிடைத்துவிடும்.

தள்ளிப்போடுவதில் இன்னொரு கோளாறும் உண்டு. பக்கம் ஏற ஏற அவன் எதையோ ஒளித்து ஏமாற்றுகிறவன் மாதிரி ஆகிவிடுகிறான். யாரிடம், எப்போது சொல்வது என்பது அவன் கையில் இருக்கிற விஷயம். பழகியவர்கள் எல்லோருக்கும் அவன் கணக்குக் கொடுக்கவேண்டியதில்லை. அவனாகச் சொல்வதும் இன்னொருவர் போட்டு உடைப்பதும் கதையில் வெவ்வேறு நிகழ்வுகள். உடைத்தவரை 'ஏதோ வாய் தவறிடுச்சு' என்று அடுத்த அத்தியாயத்திலேயே மன்னித்துவிட்டால் அதைப் படிக்கும் திருநர் (திருநம்பி, திருநங்கை) பிள்ளைகள் புத்தகத்தை மூடிவிடுவார்கள். மூடட்டும், நியாயம்தான்.

அடுத்தது ஹார்மோன். முதல் வாரத்தில் ஊசி, பத்தாவது வாரத்தில் கணீர்க் குரலும் மீசையும் என்று எழுதக் கூடாது. திருநர் உடல்நலத்துக்கான உலகத் தொழில்முறைச் சங்கம் 2022-இல் வெளியிட்ட 8-ஆம் பதிப்பு வழிகாட்டியின்படி, டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் எடுப்பவருக்குக் குரல் தடிப்பது 1 முதல் 6 மாதத்துக்குள் தொடங்கும். முழுமையாக மாறி முடிய 1 முதல் 2 வருடம். மீசை தாடி தலைகாட்டவே 6 முதல் 12 மாதம் ஆகும். பத்து வாரத்தில் நம்பும்படி எழுதக்கூடியது எண்ணெய் வழியும் முகம், பரு, வாக்கியத்தின் நடுவில் பிசிறடிக்கும் குரல். வாய்ஸ் மெசேஜ் அனுப்பப் போய், குரல் உடைந்ததும் அழித்து, மறுபடி பேசி, மறுபடி அழித்து, கடைசியில் ஒரு தம்ஸ்-அப் மட்டும் அனுப்பும் பையன், மீசையை விட நல்ல காட்சி.

திருநங்கைப் பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குரலை மாற்றாது. உடைந்த குரல் உடைந்ததுதான். பயிற்சியால்தான் மாற்றிப் பேச முடியும், அதற்குத் தினமும் உட்கார வேண்டும். பருவமாற்றத்தைத் தள்ளிப்போடும் மருந்து வேறு வகை: வரப்போவதை நிறுத்தி வைக்கும், வந்ததைப் பெரும்பாலும் திருப்பாது. எந்த மருந்தும் எடுக்காத பாத்திரம் என்றால் அதுவும் சரியே. அவன் திருநம்பி இல்லை என்று ஆகிவிடாது.

பைண்டரைப் பற்றி எழுதுகிறவர்கள் நேரத்தை மறந்துவிடுகிறார்கள். மார்பை இறுக்கித் தட்டையாக்கும் அந்த உள்ளாடையை ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு மேல் போடாதே என்பதுதான் வழக்கமாகச் சொல்லும் அறிவுரை. போட்டபடி தூங்கவும் கூடாது. காலை 8 மணிக்குப் போட்டால் மாலை 4 மணிக்குக் கழற்றியாக வேண்டும். உங்கள் சூரிய அஸ்தமன முத்தம் 6.30-க்கு. இடைப்பட்ட நேரத்தில் அவன் என்ன செய்கிறான்? வீட்டுக்கு ஓடுகிறானா, வெயிலில் தொளதொள சட்டையை மேலே மாட்டிக்கொள்கிறானா, வலித்தாலும் பரவாயில்லை என்று இருக்கிறானா? ஒரு முழு அத்தியாயம் இங்கே சும்மா கிடக்கிறது. ஒரு அளவு சின்னதாக வாங்குவதும், எலாஸ்டிக் பேண்டேஜைச் சுற்றுவதும் விலா எலும்பைப் பதம் பார்க்கும். பாத்திரம் அதைச் செய்யலாம், ஆனால் அதன் வலியும் பக்கத்தில் வரவேண்டும்.

இதெல்லாம் எந்த மொழிக்கும் பொருந்தும். தமிழில் எழுதும்போது கிடைக்கிற வசதியை யாரும் கவனிப்பதில்லை. நான், நீ இரண்டுக்கும் பால் கிடையாது. 'வந்தேன்', 'வந்தாய்' எதுவும் ஆணா பெண்ணா என்று காட்டிக்கொடுக்காது. இருவர் தனியாகப் பேசிக்கொண்டிருக்கும்வரை இலக்கணம் அவர்களைத் தொந்தரவு செய்யாது. மூன்றாவது ஆள் வந்து 'அவ எங்க?' என்று கேட்கும்போதுதான் பிரச்சினை உள்ளே நுழைகிறது. உங்கள் காட்சிகளை அந்த மூன்றாவது ஆள் எப்போது வருகிறார் என்பதை வைத்தே கட்டலாம்.

தனிமையிலும் ஒரு கண்ணி உண்டு: டா, டி. 'டி' என்றால் நேரடிக் குத்து. 'டா'தான் சுவாரசியமானது, ஏனென்றால் பெண் பிள்ளைகளையும் செல்லமாக 'டா' போடுகிறோம். காதலி முதல்முறையாக, 'எழுந்திருடா, லேட் ஆச்சு' என்கிறாள். அவன் எழுந்திருக்கவில்லை. ஷூ லேஸை அவிழ்த்து மறுபடி கட்டுகிறான். இது எந்த டா? கேட்கவும் முடியாது. விளக்க உரையே வேண்டாம், அந்த லேஸ் போதும்.

கதையைக் காதலி சொல்கிறாள் என்றால் முதல் பக்கத்திலிருந்தே 'அவன்'தான். அவன் சொல்லும்வரை 'அவள்', பிறகு 'அவன்' என்று புரட்டுவது சாமர்த்தியம் மாதிரித் தெரியும். ஆனால் நடந்து முடிந்ததைத் திரும்பிப் பார்த்துச் சொல்பவளுக்கு முதல் வரியிலேயே எல்லாம் தெரியும். பதினாறு வயதுப் பையனைப் பாதுகாப்பாக 'அவர்' என்று எழுதுவது இன்னும் மோசம், தலைமை ஆசிரியர் மாதிரி இருக்கிறது.

பிறந்தபோது வைத்த பழைய பெயரை அச்சிடவே அச்சிடாதீர்கள். அடையாள அட்டை, வருகைப் பட்டியல், பார்சல் மேல் ஒட்டிய சீட்டு என்று அது கசியும் வழிகள் நிறைய. கசியட்டும். பட்டியலில் அந்தப் பெயரைக் கூப்பிடும்போது யார் திரும்பிப் பார்த்தார்கள், அவன் எத்தனை நொடி கழித்துக் கையைத் தூக்கினான் என்று எழுதினால் போதும். பெயரை அச்சில் பார்த்த வாசகர் அதற்கப்புறம் அந்தப் பெயரிலேயே அவனை நினைப்பார்.

கடைசியாக, இரண்டாவது வரைவு முடிந்ததும் திருநர் வாசகர்கள் இரண்டு பேரிடமாவது காசு கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். ஒருவர் மட்டும் என்றால் அவருடைய வாழ்க்கையே கதைக்கு அளவுகோலாகிவிடும். முதல் வரைவில் கொடுத்தால் எழுத்துப்பிழையில் அவர் நேரம் போகும். அச்சுக்கு ஒரு வாரம் முன்னால் கொடுத்தால், 8-ஆம் வாரத்துக் காட்சியை 3-ஆம் வாரத்துக்கு நகர்த்தச் சொல்லும்போது உங்களுக்குக் கோபம்தான் வரும்.