ஓட்டை இல்லாத போன் எனக்கு வேண்டாம்

போன வெள்ளி ரவுணுக்குப் போய் போன் பாக்கிறதுக்கு மூண்டு கடை ஏறி இறங்கினன். என்ர பழசு பற்றரி ஊதி பின்மூடி எழும்பீட்டுது, கட்டிலுக்குப் பக்கத்தில வைக்காதேங்கோ எண்டு மனிசி ஒவ்வொரு நாளும் கத்துறா. கடையில நான் கேட்டது ஒண்டே ஒண்டுதான், இயர்போன் வயர் குத்துற ஓட்டை இருக்கோ? மூண்டாவது கடைப் பெடியன் என்னை மாட்டுவண்டிலில வந்து இறங்கின ஆளைப் பாக்கிற மாதிரிப் பாத்தான். "அண்ணை, உதை இப்ப ஆர் பாவிக்கினம், காதுக்க செருகிற வயரில்லாத பட்ஸ் ஒண்டு எடுங்கோ, குறைச்சுத் தாறன்."

பட்ஸ் நான் பாவிக்காத ஆள் இல்லைத் தம்பி. மச்சான் கனடாவில இருந்து வரேக்க கொண்டந்து தந்தவர், நல்ல சாமான், சத்தமும் வடிவு, நாலே நாலு மாசம். 750 பஸ்ஸில நெல்லியடிக்குக் கிட்ட டிரைவர் பிரேக் அடிச்ச அடியில வலது காதுக்காரர் கழண்டு விழுந்து சீற்றுக்கு அடியால உருண்டு ஆற்றயோ மரக்கறிப் பைக்குள்ள போனாரோ கதவால வெளிய போனாரோ தெரியாது, நானும் ரெண்டு ஆச்சிமாரின்ர காலடியைத் தடவிப் பேச்சு வாங்கினதுதான் மிச்சம். இடது காதுக்காரர் இப்பவும் லாச்சிக்குள்ள தனிய கிடக்கிறார். வயர் எண்டா கழண்டாலும் கழுத்தில தொங்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி அது என்ர கவலையீனம் எண்டு வையுங்கோ. உண்மையான காரணம் றேடியோ. அனேகமான போனில எஃப்எம் கேக்க அந்த வயர் குத்தியே ஆகவேணும், ஏனெண்டா வயர்தான் ஏரியல். எஃப்எம் அலை ஒண்டின்ர நீளம் கிட்டத்தட்ட 3 மீற்றர், அதைப் பிடிக்க முக்கால் மீற்றர் வயராவது வேணும், இயர்போன் வயர் அந்தளவுக்குக் கொஞ்சம் கூடவே வரும். 2016 இல ஐஃபோன் 7 ஓட்டையை அடைச்சு விட, பிறகு மற்றக் கொம்பனிக்காரரும் ஒவ்வொருத்தரா அடைக்கத் தொடங்கீட்டினம், ஓட்டையோட சேத்து றேடியோவும் போட்டுது. ஒருத்தரும் அதைப்பற்றிக் கதைக்கிறதில்லை. றேடியோ அப் இருக்குத்தானே எண்டுவினம். இருக்கு, டேற்றா இருந்தா, சிக்னல் இருந்தா.

2022 இல ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கறண்ட் வெட்டினது மறந்து போச்சோ? எங்கட பக்கம் கொஞ்ச நேரத்தில ரவரின்ர பற்றரியும் இறங்கி சிக்னலும் படுத்திடும், வீட்டில மூண்டு போன், அதில ரெண்டு ரோச் லைற்றுக்குத்தான் உதவினது. அப்ப விறாந்தையில இருந்து அந்தப் பழைய போனில வயரைக் குத்தி எஃப்எம் கேட்டது நான் ஒராள்தான். எட்டாம் வகுப்புப் படிக்கிற மருமகன் வந்து ஒரு பக்கக் காதைப் பிடுங்கிக்கொண்டு பக்கத்தில இருந்திட்டான். பட்ஸையும் ஆளுக்கொண்டாப் போடலாம்தான், ஆனா அண்டைக்கு அதுக்கு சார்ஜ் எங்க?

எனக்கு உந்தப் பழக்கம் 90களில வந்தது. சண்டைக் காலம், கறண்ட் இல்லை, பற்றரி தடை, சைக்கிளைக் கவுட்டு வைச்சு டைனமோவை டயரில முட்ட விட்டு நான் பெடலைச் சுத்த அப்பா றேடியோவுக்குக் கிட்டக் காதை வைச்சுக்கொண்டு இருப்பார். இரவு 9.15 க்கு பிபிசி தமிழோசை. டைனமோ 6 வோல்ற், நாலு பற்றரியும் 6 வோல்ற், அதால பொருந்தும், ஆனா டைனமோவில வாறது ஏசி, இடையில கறண்டை ஒரு பக்கமா மட்டும் விடுற டயோட் ஒண்டு ஒட்டவேணும், இல்லாட்டி உர்ர்ர் எண்டு உறுமும். கை உளைஞ்சு மெல்லச் சுத்தினா செய்தி வாசிக்கிறவரின்ர குரல் அப்படியே கரகரத்துக் கம்மிப்போகும், அப்பா திரும்பிப் பாக்காமலே "ம்ம்" எண்டுவார், திருப்பி வேகமாச் சுத்தோணும். அந்த "ம்ம்" இப்பவும் காதுக்க இருக்கு. தமிழோசை வானொலி 2017 ஏப்ரலோட நிண்டுட்டுது, அப்பா அதுக்கு முன்னமே கண்ணை மூடீட்டார்.

மற்றப்படி நான் புதுச் சாமானுக்கு எதிரி இல்லை. பவர் பாங்க் காவுறனான். (10,000 எம்ஏஎச் எண்டு எழுதியிருக்கிறதை நம்பாதேங்கோ. அது உள்ளுக்க 3.7 வோல்ற்றில போட்ட கணக்கு, 5 வோல்ற்றா மாத்தி வெளிய விடேக்க 7,400, சூட்டில போறதையும் கழிச்சா ஆறாயிரத்துச் சொச்சம்தான் கைக்கு வரும்.) கையில கசியோ எஃப்-91டபிள்யூ, 1989 இல வந்த மொடல், ஒரு பற்றரி ஏழு வருசம் எண்டு கொம்பனி சொல்லுது. ஸ்மாட் வோச் கட்டுற கூட்டாளி ஒருத்தன் கலியாண வீட்டுக்குச் சார்ஜரும் கொண்டு வந்தவன், தாலி கட்டேக்க ஆள் பிளக் தேடிக்கொண்டு நிக்கிறார்.

பைக்குள்ள ரெண்டு பற்றரி போடுற சின்ன ரோச் ஒண்டும் கிடக்கு, மனிசி அதுக்கும் சிரிக்கிறவ. சிரிக்கட்டும். மாரி மழைக்கு லைன் அறுந்த இரவு "அந்த ரோச் எங்கயப்பா" எண்டு கேட்டதும் அவதான்.

இப்ப விசயத்துக்கு வாறன். 3.5 மில்லிமீற்றர் இயர்போன் ஓட்டையோட, எஃப்எம்மும் உள்ள போன், ஐம்பதாயிரத்துக்குள்ள, யாழ்ப்பாணத்தில எந்தக் கடையிலயாவது கண்டா கீழ எழுதி விடுங்கோ. கறுப்பு எண்டா நல்லம். "பட்ஸ் வாங்குங்கோ அண்ணை" எண்டு இன்பொக்ஸுக்கு வாற ஆக்கள் முதல்ல அந்த இடது காதுக்கு ஒரு சோடி தேடித் தந்திட்டு வாங்கோ.