அடுக்களையில் தொழில் செய்பவர்களுக்கு ஒரு அறிவிப்பு போர்டு வேண்டும்

எங்கள் மைனி (அண்ணி) சுடும் முந்திரிக்கொத்துக்கு ஊரில் பேர் உண்டு. சிறுபயறை வறுத்துப் பொடித்து, கருப்பட்டிப் பாகும் தேங்காயும் சேர்த்து உருட்டி, மும்மூன்றாக மாவில் முக்கிப் பொரித்தெடுப்பார். கல்யாணம், கிறிஸ்துமஸ் என்று சொந்தக்காரர்களுக்குச் செய்துகொண்டிருந்தவரிடம் 2024-ல் குமரி மாவட்டம் தக்கலையில் ஒரு கடைக்காரர் வாரம் ஐம்பது பாக்கெட் கேட்டார். "லேபிளில் அந்தப் பதினாலு இலக்க நம்பர் இல்லாம வைக்க மாட்டேன்" என்றும் சொல்லிவிட்டார். நியாயமான பேச்சுதான்.

உணவுப் பாதுகாப்புத் துறை தரும் அந்தப் பதிவு எண்ணை வாங்கித்தர ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் 2,500 ரூபாய் கேட்டார்கள். அன்றைக்கு உண்மையான கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் என்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவு மட்டும் போதும், லைசென்ஸ் வேண்டாம் என்று அப்போது இருந்தது. நானே மைனி பேரில் ஆன்லைனில் போட்டேன். சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு முழுக்க இலவசம், ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் போதும். அதற்கும் ஆயிரம் ரூபாய் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். நினைத்தாலே மனசு கொதிக்கிறது.

டெல்லியில் போட்ட விதிக்கான வேலை வீட்டிலிருந்தே முடிந்தது. நடந்து போகும் தூரத்தில் இருக்கிற உள்ளாட்சி அலுவலகத்தில்தான் அலைய வேண்டியிருந்தது. முதல் தடவை, "வீட்டில் செய்றதுக்கு ஒண்ணும் வேண்டாம்" என்றார்கள். இரண்டாம் தடவை, தொழில் உரிமம் எடுக்க வேண்டும் என்றார்கள். மூன்றாம் தடவை, வீட்டு வரியை வணிக வரியாக மாற்றிவிட்டு வரச் சொன்னார்கள். எழுதித் தாருங்கள் என்று கேட்டால் யாரும் எழுதித் தரவில்லை. வெளியே வந்ததும் மைனி, "போதும் மக்கா, தெரிஞ்சவங்களுக்கு மட்டும் சுட்டுக் குடுக்கேன்" என்றார்.

1820-களில் மிஷனரி மார்த்தா மால்ட் அம்மையார் நாகர்கோவிலில் லேஸ் பின்னல் சொல்லிக்கொடுத்த காலம் தொட்டு, பெண்கள் வீட்டிலிருந்தே சம்பாதித்த மண் இது. மார்த்தாண்டம் தேனுக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததும் எல்லோரும் பெருமைப்பட்டோம். அந்தத் தேனை வீட்டில் வடிகட்டிப் பாட்டிலில் அடைப்பவர்களுக்கு என்ன விதி என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

விதியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தின்கிற பண்டம், கேள்வி கேட்க ஆள் வேண்டும். எடை, விலை, தயாரித்த மாதம், முகவரி, புகாருக்கு போன் எண் எல்லாம் லேபிளில் இருக்கத்தான் வேண்டும். ஆனால் வீட்டு முகவரியும் போன் எண்ணும் முன்பின் தெரியாதவர் கைக்கெல்லாம் போகுமே என்று மைனி தயங்கினார். அண்ணன் எண்ணைப் போட்டோம். தனியாக வாழும் ஒரு பெண் யார் எண்ணைப் போடுவார்? விதி எழுதுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

மின்சாரமும் அப்படித்தான். குடிசைத் தொழிலுக்கும் குறுந்தொழிலுக்கும் 12 கிலோவாட் வரை தனிக் கட்டணம் இருக்கிறது, அது கடைகளுக்கான கட்டணத்தைவிடக் குறைவு. இது தெரியாமல், மீட்டர் பார்க்க ஆள் வந்தால் கிரைண்டரை நிறுத்திவிட்டு நிற்கிறார்கள். திருடியது போல ஏன் பயப்பட வேண்டும்?

களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம். வீட்டின் பாதிப் பரப்பு வரை மாசில்லாத சிறுதொழிலுக்குப் பயன்படுத்தலாம், அதற்கு உள்ளாட்சி உரிமம் தரும் என்று 2025-ல் அங்கே அறிவித்தார்கள். நம் பக்கமும் இப்படி ஒரு தெளிவான வரி வேண்டும்.

அதுவரைக்கும் ஒரு போர்டாவது வையுங்கள். குமரி மாவட்டத்தில் சுமார் ஐம்பது பேரூராட்சிகள் இருக்கின்றன. ஒவ்வொரு அலுவலக வாசலிலும், தையல், பலகாரம், தேன், டியூஷன் என்று எந்த வீட்டுத் தொழிலுக்கு எது வேண்டும், எவ்வளவு கட்டணம், எத்தனை நாளில் கிடைக்கும் என்று தமிழில் எழுதி வைத்தால் போதும். இடைத்தரகர் பிழைப்பு பாதி போய்விடும்.

மைனி இப்போது வாரம் இருபது பாக்கெட்தான் போடுகிறார். கிறிஸ்துமஸுக்கு முன்னால் நாலாவது தடவை போகிறோம். இந்தத் தடவை மனுவாக எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீதும் கேட்கப் போகிறேன். உங்கள் ஊரில் எழுத்திலேயே பதில் வாங்கியவர்கள் இருந்தால், என்ன சொன்னார்கள் என்று கீழே எழுதுங்கள்.