‘எங்கே போனாலும் சரி’ என்பவர்களின் கவனத்துக்கு

கோடை விடுமுறைக்குக் கடற்கரைப் பக்கம் போகலாம் என்று எங்கள் வீட்டில் பேச்செடுத்தால், “எனக்கென்னம்மா, எங்கே போனாலும் சரிதான்” என்று எல்லாருக்கும் முன்பாகச் சொல்பவர் யாரோ, அவரே பிற்பாடு ஒவ்வோர் இடத்துக்கும் முட்டுக்கட்டை போடுகிறார். இதைப் பல ஆண்டுகளாகப் பொறுத்துவந்தேன். இந்த வாரத்தோடு பொறுமை தீர்ந்துவிட்டது.

சேலத்துக்காரர்களுக்குக் கடல் என்பது நினைத்தவுடன் போய்க் கால் நனைத்துத் திரும்புகிற தூரத்தில் இல்லை. நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை வழியாகக் கன்னியாகுமரிக்கு நான்குவழிச் சாலை போகிறது என்றாலும், வயதானவர்களை அவ்வளவு நேரம் காரில் உட்காரவைக்க முடியாது. ஐலண்ட் எக்ஸ்பிரஸில் ஏறினாலோ, அது ஈரோடு, பாலக்காடு, எர்ணாகுளம், திருவனந்தபுரம் என்று கேரளத்தைச் சுற்றிவிட்டு மறுநாள் பிற்பகலில்தான் குமரியில் இறக்கிவிடும். இதையெல்லாம் தாளில் எழுதிக் கூட்டிக் கழித்துப் பார்ப்பவள் நான் ஒருத்தி. மற்றவர்கள் தட்டுவடை செட்டைத் தின்றபடி அபிப்பிராயம் சொல்வார்கள்.

அந்த அபிப்பிராயங்களையாவது கேளுங்கள். அத்தைக்கு ராமேசுவரம் போய் 22 தீர்த்தங்களிலும் நீராட வேண்டும். ஆனால் ஈரப்புடவையோடு கிணறு கிணறாக நடக்க முழங்கால் இடம்தராது என்பதையும் அவரே சொல்வார். பிள்ளைகளுக்கு இறங்கிக் குளிக்கிற கடல் வேண்டும் என்பதால் அலை மோதும் குமரி முனை பிடிக்காது. என் கணவருக்கு மே மாதக் கடற்கரையில் வெயில் அதிகம் என்று குறை. சேலத்தில் மட்டும் அப்போது பனியா பெய்கிறது? மாமாவுக்கோ கடலோரம் போனால் அன்றன்று பிடித்த வஞ்சிரம் தட்டில் விழுந்தாக வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்கே போவதில்லை, நாட்டுப்படகில் வருகிற மீன்தான் கிடைக்கும் என்று ஆண்டுதோறும் நான் விளக்குகிறேன். தடையைப் போட்டவளே நான்தான் என்பதுபோல் ஆண்டுதோறும் அவர் என்னை முறைக்கிறார்.

ரயில் முன்பதிவு இன்னொரு கொடுமை. 2024 நவம்பர் முதல், முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டதால், காலை எட்டு மணிக்கு முன்பதிவு திறக்கும்போது ஊர், தேதி, யார் யார் வருகிறார்கள் என்ற மூன்றும் கையில் இருந்தாக வேண்டும். எங்கள் வீட்டிலோ முந்தின இரவு பத்து மணிக்குத்தான் யாராவது, “தேதியை ரெண்டு நாள் தள்ளி வைக்கலாமே” என்பார்கள். மூத்த குடிமக்களுக்கான கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு, அவர்கள் தனியாகவோ இருவராகவோ ஒரே பயணச்சீட்டில் பதிந்தால்தான் கிடைக்கும் என்பதால், அத்தைக்கும் மாமாவுக்கும் தனிச் சீட்டு எடுத்தேன். “எங்களை மட்டும் ஏன் பிரிச்சே?” என்று ஒருநாள் முழுதும் வீட்டில் யாரோடும் பேச்சில்லை. போதாததற்கு, முதியோர் கட்டணச் சலுகையை 2020 மார்ச்சிலேயே நிறுத்திவிட்டார்கள் என்பதை மாமா இன்றுவரை நம்பவில்லை. எனக்குக் கேட்டு வாங்கத் தெரியவில்லை என்பது அவருடைய கட்சி.

இத்தனைக்கும் பிறகு, எல்லாம் கூடிவரும் நேரம் பார்த்து அஸ்தம்பட்டியிலிருந்து நாத்தனார் போன் செய்வாள்: “பேசாம ஏற்காடே போயிடலாமே அண்ணி, பக்கத்துலதானே இருக்கு!” உடனே வீடே முகம் மலரும். ஏற்காட்டின் மேல் எனக்குப் பகை ஒன்றும் இல்லை. மார்கழியில் யாராவது கூப்பிட்டால் முதல் ஆளாகக் கிளம்புவேன். ஆனால் மே மாதத்தில், கோடை விழாக் கூட்டத்தில், 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டிக்குப் பின்னால் வண்டியாக ஊர்ந்து, பிள்ளைகள் இரண்டு முறை வாந்தியெடுத்து, மழை பெய்தால்தான் விழுகிற கிளியூர் அருவியில் வெறும் பாறையைப் பார்த்துவிட்டு, ஏரிக்கரையில் படகுக்கு வரிசையில் நின்று, இருட்டுமுன் வீடு திரும்புவதற்குப் பெயர் கடற்கரை விடுமுறையா? ஏற்காட்டை யாரும் விரும்பித் தேர்ந்தெடுப்பதில்லை. வேறெதையும் முடிவு செய்ய மனமில்லாதவர்கள் கடைசியில் வந்து விழுகிற இடம் அது, அவ்வளவுதான்.

ஓர் இடத்தை வேண்டாம் என்று சொல்ல எல்லாருக்கும் உரிமை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் வேண்டாம் என்பவர் வேறோர் இடத்தைச் சொல்லி, அதற்கு ரயிலும் தேடி, தங்குமிடத்துக்குப் போன் செய்து வாடகையும் கேட்டுவிட்டு வந்து பேசட்டும். ஆதார் இணைத்த முன்பதிவுக் கணக்கு வீட்டில் எனக்கு மட்டும்தான் இருக்கிறது என்பதால் இந்த வேலை என் தலையில் வந்து விழுந்தது. மற்றவர்களும் இணைத்துக்கொள்ள ஐந்து நிமிடம் போதும், அதற்கான வழியைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் எழுதி ஒட்டிவிட்டேன். வரும் ஞாயிற்றுக்கிழமை இரவுக்குள் யாரும் ஓர் ஊரையும் தேதியையும் சேர்த்துச் சொல்லாவிட்டால், திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு எனக்கும் பிள்ளைகளுக்கும் மட்டும் சீட்டு எடுப்பேன். எந்த ஊருக்கு என்று அப்புறம் கேட்க வேண்டாம்.