நேராகச் சொன்னால் என்ன என்று கேட்டவருக்கு

ஞாயிற்றுக்கிழமை நம் வாசிப்புக் கூட்டத்தில் நடந்தது வந்திருந்த எல்லாருக்கும் தெரியும். வராதவர்களுக்கும் இதற்குள் யாராவது சொல்லியிருப்பார்கள். அதனால் பெயர் போடவில்லை. மூன்று நாளாக மனசைப் போட்டு அரிக்கிறது, எழுதிவிடுகிறேன்.

பிரிட்டிஷ் மர்ம நாவலாசிரியர் பவுலா ஹாக்கின்ஸ் தன் முந்தைய நாவலுக்கு மூன்று வருஷம் கழித்து 2024இல் கொண்டுவந்த ‘தி ப்ளூ ஹவர்’ நாவலைப் பற்றி ஒரு பெண் பேச ஆரம்பித்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. “நேராகக் கதை சொல்லத் தெரியாதவர்கள்தான் இன்றைக்கு ஒரு துண்டு, இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு துண்டு என்று வெட்டி ஒட்டுவார்கள். இதெல்லாம் தந்திரம்” என்று நம் கூட்டத்து மூத்தவர் ஒருவர் குறுக்கே புகுந்தார். எவ்வளவு படித்தீர்கள் என்று கேட்டதற்கு நாற்பது பக்கம் என்றும் சொன்னார். நாற்பது பக்கம்!

தந்திரமா? இதே எழுத்தாளரின் ‘தி கேர்ள் ஆன் தி ட்ரெயின்’ 2015இல் வந்தது. நம்மில் பாதிப் பேர் படித்திருக்கிறோம். அதில் ரேச்சல் என்ற பெண் சொல்வது 2013 ஜூலையில் தொடங்குகிறது. மேகன் என்ற இன்னொருத்தி சொல்வது அதற்கு ஒரு வருஷம் முன்பு, 2012 மே மாதத்தில். அத்தியாயத்துக்கு அத்தியாயம் மேகனின் தேதிகள் நகர்ந்து நகர்ந்து, அவள் காணாமல் போகிற இரவுக்குப் பக்கத்தில் வரும்போது நமக்கு வயிற்றைப் பிசையும். அந்த இரவில் ரேச்சலும் மேகனின் தெருவில்தான் இருந்தாள். ஆனால் குடித்திருந்தாள், எதுவும் நினைவில்லை. நேராகச் சொல் என்கிறார் மூத்தவர். சொல்கிறவளுக்கே தெரியாத ஒரு இரவை எப்படி நேராகச் சொல்வது?

புதுப் புத்தகத்திலும் அப்படித்தான். லண்டன் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தில் ஒரு சிற்பம். அதில் இருக்கும் எலும்பு மனித எலும்பாக இருக்கலாம் என்று ஒருவருக்குச் சந்தேகம் வருகிறது. செய்தவர் வனெசா என்ற ஓவியர், இப்போது உயிரோடு இல்லை. அவர் கணவர் காணாமல் போய் இருபது வருஷம். வனெசா வாழ்ந்த ஈரிஸ் என்ற ஸ்காட்லாந்துத் தீவில் ஒரே ஒரு வீடு, அதில் இப்போது அவருடைய தோழி கிரேஸ் மட்டும். கடல் வற்றினால்தான் தீவுக்குப் பாதை. ஒரு நாளில் பன்னிரண்டு மணி நேரம் யாரும் போகவும் முடியாது, வரவும் முடியாது. எலும்பு இன்றைக்குக் கிடக்கிறது, அது யாருடையது என்பது வனெசாவின் பழைய நாட்குறிப்புகளில் கிடக்கிறது. இரண்டையும் மாற்றி மாற்றிப் படித்தால்தான் கிரேஸ் நம்மிடம் சொல்வதில் எவ்வளவு உண்மை என்ற சந்தேகமே நமக்கு வரும். காலவரிசைப்படி அடுக்கினால் அந்தச் சந்தேகம் செத்துவிடும்.

இது எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். அம்மா போன பிறகு பரணிலிருந்து அவருடைய கணக்கு நோட்டுகளை இறக்கினேன். பால் கணக்கு, மளிகைக் கணக்கு, சீட்டுப் பணம். 1991 மே மாதத்தை எடுத்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயசு. என் நினைவில் அது பெரியம்மா வீட்டில் இருந்த பொன்னான கோடை. மாம்பழம், கிணற்றடி, மொட்டை மாடியில் படுக்கை. நோட்டில் இருந்தது வேறு. “வளையல் இரண்டு, அடகு.” நான்கு நாள் கழித்து, “சங்கிலி.” அதற்குக் கீழே, “பிள்ளையை அக்கா வீட்டில் விட்டாச்சு. இன்றைக்கும் வேலை இல்லை.” அப்பாவுக்கு அந்த வருஷம் வேலை போனது எனக்குத் தெரியவே தெரியாது. சமையலறைத் தரையில் உட்கார்ந்து படித்தேன். அந்த மாம்பழத்தை இப்போது நினைத்தாலும் கூடவே வளையல் வருகிறது. எது முன்னால் நடந்தது, எது பின்னால் தெரிந்தது என்று பிரிக்க முடியவில்லை. இதை நேராகச் சொல்லிக் காட்டுங்கள் பார்ப்போம்.

சரி, இதெல்லாம் வியாபாரம்தானே என்பீர்கள். பதினைந்து வருஷம் பத்திரிகையாளராக இருந்தவர் பவுலா. ஏமி சில்வர் என்ற பெயரில் காதல் நாவல்கள் எழுதினார், பெரிதாகப் போகவில்லை. ரயில் நாவலை எழுதி முடிக்க அப்பாவிடம் கடன் வாங்கினார். அது கோடிக்கணக்கில் விற்றது உண்மைதான். வியாபாரம் மட்டும் என்றால் அதே ரயிலை அவர் இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கலாமே. 2017இல் வந்த ‘இன்டு தி வாட்டர்’ நாவலில் அத்தனை பேரைப் பேசவிட்டார், எனக்கே தலை சுற்றியது. அதை ஒத்துக்கொள்கிறேன். அப்புறம், இங்கிலீஷ் புத்தகத்துக்கு இவ்வளவு வக்காலத்தா என்று கேட்பவர்களுக்கு: ஒரு கொலையைப் பலர் திரும்பிப் பார்த்துச் சொல்லும் ‘அந்த நாள்’ படத்தை 1954இலேயே ஒரு பாட்டுகூட இல்லாமல் எடுத்தவர்கள் நாம். அன்றைக்கு எஸ். பாலசந்தர் செய்தால் மேதைமை, இன்றைக்கு ஒரு பெண் எழுதினால் தந்திரமா?

ஆமாம், பெண் என்றுதான் சொல்கிறேன். அன்று அறையில் நடந்தது கதை சொல்லும் முறையைப் பற்றிய விவாதம் என்று எனக்குத் தோன்றவில்லை. “மத்தியானத் தூக்கம் வராத பெண்கள் படிக்கிறது” என்று கடைசியில் அவர் சொன்னதை எல்லாரும் கேட்டோம். இரண்டு பேர் சிரித்தீர்கள். இரவு பதினொரு மணிக்குப் பாத்திரம் கழுவி வைத்துவிட்டுப் படிக்கிறவள் நான். மறுநாள் காலை ஐந்தரைக்கு எழுந்திருக்க வேண்டும், இருந்தும் புத்தகத்தை மூட முடியவில்லை. அப்படி ஒருத்தியை உட்கார வைப்பது லேசான வேலையா? அவருக்குப் பிடிக்காமல் போகட்டும், அது அவர் உரிமை. படிக்கிறவர்களை ஏன் சிறுமைப்படுத்த வேண்டும்?

அதைவிட என்னை உறுத்துவது, நானும் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. அந்தப் பெண் நம் கூட்டத்தில் பேசியது அதுதான் முதல் தடவை. புத்தகத்தில் பென்சிலால் குறித்து, இரண்டு பக்கம் எழுதிக் கொண்டுவந்திருந்தாள். மடித்துப் பைக்குள் வைத்துவிட்டாள். அன்று இரவே வாட்ஸ்அப் குழுவிலிருந்து விலகிவிட்டாள்.

தங்கச்சி, இந்தப் பதிவைப் படித்தால் எனக்கு ஒரு போன் போடு. கிரேஸைப் பற்றி நீ ஏதோ சொல்ல வந்தாய், “அவள் பொய் சொல்கிறாள் என்று எனக்குத் தோன்றவில்லை, ஆனால்” என்ற இடத்தில் நிறுத்திவிட்டார்கள். அந்த ஆனாலுக்குப் பிறகு என்ன என்று எனக்குத் தெரிய வேண்டும்.