மேட்லி சாலையும் மாம்பலம் ஏரியும்

தி.நகரில் மேட்லி சாலை இருக்கிறதே, அது சென்னைக்குச் சுத்தமான குடிநீர் கொண்டுவந்த பொறியாளரின் பெயர். 1872-ல் புழல் ஏரித் தண்ணீர் நகருக்கு வந்தது திறந்த கால்வாயில். வழியில் சேரும் அழுக்கெல்லாம் அதோடு சேர்ந்தே வரும். அதை மூடிய கால்வாயாக்கி, கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் அமைத்து, 1914-ல் நீரேற்று நிலையத்தை ஓடவிட்டவர் மேட்லி. அவர் பெயர் தாங்கிய சாலை இருக்கும் தி.நகரோ, மாம்பலம் ஏரியைத் தூர்த்து 1920-களில் எழுந்த ஊர்! ஒரு கையால் குழாய் போட்டோம், மறு கையால் ஏரியை மூடினோம். நூறு வருஷமாக இதையேதான் செய்கிறோம் என்பதுதான் என் ஆதங்கம்.

தாகம் எடுக்கும்போதெல்லாம் இன்னும் தூரமாகப் போனோம். 1944-ல் பூண்டி நீர்த்தேக்கம், 1996-ல் ஆந்திராவிலிருந்து கிருஷ்ணா நீர், 2004-ல் 200 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து வீராணம் ஏரித் தண்ணீர், அப்புறம் மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள். இவை வேண்டாம் என்று சொல்லமாட்டேன். இவை இல்லாமல் இந்த நகரம் பிழைத்திருக்காது. ஆனால் 2015 டிசம்பரில் நிரம்பி வழிந்த செம்பரம்பாக்கம் ஏரி, 2019 கோடையில் வறண்டு வெடித்துக் கிடந்தது. ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் ரயிலில் தண்ணீர் வந்தது.

அந்தக் கோடையில் எங்கள் தெருவில் ராத்திரியே குடங்களை வரிசையில் வைத்துவிடுவோம். காற்றில் உருண்டுவிடாமல் ஒவ்வொன்றிலும் ஒரு செங்கல் துண்டு. லாரி சத்தம் கேட்டால் பாதித் தூக்கத்தில் ஓட்டம். எழுபது வயது அம்மாவும் இடுப்பில் ஒரு குடத்தோடு நிற்பார். அதை என்னால் மறக்கவே முடியவில்லை.

அதே 2019-ல் கோயம்பேட்டில் உருப்படியான ஒரு வேலையும் நடந்தது. கழிவுநீரை எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) வரை சுத்திகரித்து, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து ஆலைகளுக்கு அனுப்புகிறார்கள். ஒரு நாளைக்கு 4.5 கோடி லிட்டர் திறன். ஆலைகள் இதைக் குடிக்கும் அளவுக்கு ஏரித் தண்ணீர் நமக்கு மிஞ்சுகிறது. நவீனம் என்றால் எனக்கு இதுதான். அடுத்த பெரும் பணத்தை இதற்கும், ஏரிகளைத் தூர்வாரவும், மண்ணுக்கடியில் ஒழுகும் பழைய குழாய்களை மாற்றவும் போடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

எங்கள் வீட்டு மழைநீர்த் தொட்டி, 2003-ல் கட்டாயமாக்கியபோது போட்டது. வருஷா வருஷம் செப்டம்பரில் ஜல்லியையும் மணலையும் வெளியே எடுத்து அலசிப் போடுவேன். போன தடவை எடுத்தபோது ஒரு சாண் சேறு. மழைக்கு முன்னால் உங்கள் வீட்டிலும் மூடியைத் திறந்து பாருங்கள்.