"இன்றிரவு மலை சரியும்" என்ற குரல் பதிவு பற்றி

"மஞ்சள் எச்சரிக்கை வந்துவிட்டது, இன்றிரவு மலை சரியும், மலையகம் முழுக்க லயங்களை (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை) விட்டு ஓடுங்கள்" என்று ஒரு குரல் பதிவு வட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

மண்சரிவு எச்சரிக்கையில் மஞ்சள் என்றால் விழிப்பாக இருங்கள், செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராகுங்கள், சிவப்பு வந்தால்தான் வெளியேற வேண்டும். இலங்கையின் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழைமானிகளின் அளவைப் பார்த்து, பிரதேச செயலகப் பிரிவு வாரியாகவே இதை அறிவிக்கிறது. மலையகம் முழுவதற்கும் ஒரே நிறம் என்று எண்ண வேண்டாம். அந்தத் தகவல் மாவட்ட அனர்த்த முகாமைத்துவப் பிரிவு, பிரதேச செயலகம், கிராம உத்தியோகத்தர் வழியாகத் தோட்டத்துக்கு வருகிறது.

தகவல் கீழிருந்து மேலேயும் போக வேண்டும். லயத்துச் சுவரில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று, இவற்றை மழைமானி காட்டாது. அங்கே இருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும். 2014 ஒக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டத்தின் மீரியபெத்தையில் மண்சரிவில் லயங்கள் புதையுண்டதை நாம் மறக்கவில்லை. அதனால்தான் பொய் எச்சரிக்கை இவ்வளவு ஆபத்து: நாளை உண்மையான சிவப்பு வரும்போது யாரும் அசைய மாட்டார்கள்.

ஆனால் வெடிப்பையோ கலங்கல் ஊற்றையோ கண்டால் எந்த நிறத்துக்கும் காத்திராமல் விலகி, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழையுங்கள். சந்தேகத்தையும் அங்கேயே கேட்கலாம். அந்தக் குரல் பதிவை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.